சம்பளம் போட்டாச்சு, அப்புறம்?

வேலை செய்யும் இடத்துச் சங்கடங்கள் பற்றி வாசகர்கள் எழுதும் கேள்விகளுக்கு நம் பத்தியாளர் பதில் சொல்கிறார். கோவை வட்டாரப் பஞ்சாலை ஒன்றில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்து, பம்ப்செட் கம்பெனியில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர் இவர். ஆட்களை வேலையில் மனசு வைக்கச் செய்வது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை அதிகம்.

மேடம், திருப்பூரில் கூலிக்குத் துணி தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். 40 மிஷின். பீஸ் ரேட்டில் குறை வைப்பதில்லை. லீவு போடாதவர்களுக்குத் தனியாகப் பணம், 'இந்த மாத ஸ்டார்' என்று போட்டோ மாட்டி பிரஷர் குக்கர் பரிசு என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். பக்கத்து யூனிட்டில் பீஸுக்குப் பத்துப் பைசா கூட என்றால் ஆள் போய்விடுகிறார். இவர்களை எப்படித்தான் மோட்டிவேட் செய்வது?
– கே.எஸ்., திருப்பூர்

முதலில் குக்கரை நிறுத்துங்கள். ஒருவர் வாங்குகிறார், 39 பேர் கை தட்டுகிறார்கள். அதில் எத்தனை பேருக்கு உள்ளுக்குள் எரிகிறது என்று உங்களுக்கே தெரியும். ஓவர்லாக் மிஷின் ஆளுக்கே இரண்டு தடவை போனால் பேட்லாக் மிஷின் ஆட்கள் கணக்குப் பேசுவார்கள். சரி, முறை வைத்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்றால் அதற்குப் பெயர் பரிசு இல்லை.

பத்துப் பைசாவுக்கு ஆள் போகிறார் என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆபரேஷனுக்கு, அதாவது ஒரு தையல் வேலைக்கு, 3 ரூபாய், மணிக்கு 40 பீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்தில் 320 பீஸ். பத்துப் பைசா கூடக் கிடைத்தால் அவருக்கு ஒரு நாளில் சேர்வது 32 ரூபாய். உங்கள் யூனிட்டில் கட்டிங்கிலிருந்து வெட்டிய துணிப் பண்டில் வராமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் அவர் கையை விட்டுப் போவது 120 ரூபாய். இப்போது சொல்லுங்கள், அவர் பத்துப் பைசாவுக்காகவா போனார்? கேட்டால் அப்படித்தான் சொல்வார். "உங்க கட்டிங் மாஸ்டர் சரியில்லைங்க" என்று முதலாளி முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகும் டெய்லரை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் மதியம் லைனின் கடைசியில் ஒரு சேரைப் போட்டு உட்காருங்கள். போனை ஆபீஸில் வைத்துவிடுங்கள். எந்த மிஷின் நின்றாலும் நேரத்தையும் காரணத்தையும் நோட்டில் எழுதுங்கள். நூல் கோன் ஷேடு மாறி வந்திருக்கும். ஊசி முறிந்திருக்கும், மெக்கானிக் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருப்பார். செக்கிங்கில் திருப்பிய ஆல்ட்டர் பீஸை யார் தைப்பது, அதற்குக் கூலி உண்டா இல்லையா என்று இரண்டு பேர் சூபர்வைசரிடம் நிற்பார்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுதிக்கொண்டே இருங்கள். சாயங்காலம் அந்த நோட்டைப் பார்த்தால் உங்கள் மோட்டிவேஷன் திட்டம் முழுக்க அதிலேயே இருக்கும்.

அதற்காகப் பணம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள், பெரும்பாலும் அவர்கள் பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள். 1913இல் அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் ஃபோர்டு கார் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரே திருகை நாள் முழுக்க முடுக்குகிற வேலை. ஆள் நிற்கவில்லை. அந்த ஒரு வருஷத்தில் ஓர் இடத்துக்கு மூன்று நான்கு பேர் என்கிற கணக்கில் வந்தார்கள், போனார்கள். 1914 ஜனவரியில் ஃபோர்டு ஒன்பது மணி நேர வேலையை எட்டாக்கி, நாள் சம்பளத்தை இரண்டரை டாலருக்குக் கீழிருந்து ஒரேயடியாக ஐந்து டாலருக்கு ஏற்றினார். கேட்டில் கூட்டம் தள்ளுமுள்ளாகி, தண்ணீர் பீய்ச்சிக் கலைக்க வேண்டியிருந்தது. ஆள் நின்றது. ஆக, பணம் வேலை செய்யும். ஆனால் அவர் பத்துப் பைசா ஏற்றவில்லை, இரண்டு மடங்காக்கினார். கூடவே, தொழிலாளி குடிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று பார்க்க ஆளும் அனுப்பினார். அதை நீங்கள் செய்ய வேண்டாம்.

உங்களால் இரண்டு மடங்கு முடியாது. அன்றன்றைக்கு எத்தனை பீஸ் என்று சீட்டு எழுதி அவர் கையில் கொடுக்க முடியும். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்தபிறகு "எனக்கு இருபது பீஸ் விட்டுப்போச்சு" என்று தொடங்கும் சண்டை இருக்கிறதே, ஆள் மாறுவதற்கு அதுவே பாதிக் காரணம் என்பது என் அனுபவம்.

நர்சரி பள்ளி நடத்துகிறேன். ஆசிரியைகள் காலையில் தாமதமாக வருவதால் 50 ரூபாய் அபராதம் என்று போர்டு வைத்தேன். முன்பு இரண்டு பேர் லேட், இப்போது ஐந்து பேர். இது என்ன மாயம்?
– தாளாளர், நாமக்கல் மாவட்டம்

மாயம் ஒன்றும் இல்லை. முன்பு லேட்டாக வந்தவருக்கு உங்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இப்போது 50 ரூபாய் கட்டிவிட்டு நிம்மதியாக நடந்து வருகிறார். நீங்கள் தாமதத்துக்கு விலை போட்டுவிட்டீர்கள், அதுவும் மலிவாக.

இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் இதையே பரிசோதித்துப் பார்த்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் க்னீசியும் ருஸ்டிகினியும் 2000இல் அதை வெளியிட்டார்கள். அங்கே லேட் ஆனது பெற்றோர். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்றதும் தாமதிப்பவர் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இன்னும் கவனிக்க வேண்டியது, அபராதத்தை எடுத்தபிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. போன கூச்சம் போனதுதான்.

போர்டைக் கழற்றுங்கள், உடனே பலன் எதிர்பார்க்காதீர்கள். அந்த ஐந்து பேரும் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேட்டீர்களா? கிராமத்து டவுன் பஸ் 8.50க்கு வந்தால் 8.45க்கு பிரேயரில் நிற்க முடியாது. பிரேயரைப் பத்து நிமிஷம் தள்ளிவைக்க முடியுமா பாருங்கள்.

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். காலை 9.30க்கு நின்றால் இரவு 9.30 வரை நிற்பதுதான். கூட்டமே இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. மாதம் ஒருமுறை வெளியிலிருந்து ஒருவர் வந்து, வாடிக்கையாளரைப் புன்னகையோடு வரவேற்பது எப்படி என்று கிளாஸ் எடுக்கிறார். போன மாதம் நான் சிரிக்கவில்லை என்று ஃப்ளோர் மேனேஜர் ரிப்போர்ட் எழுதிவிட்டார். எனக்கு வேலையில் ஆர்வம் இல்லையாம்.
– பெயர் வேண்டாம், மதுரை

கால் வீங்கினவளைச் சிரிக்கச் சொல்லிக் கிளாஸ் எடுப்பவரை நான் ஒருநாள் முழுக்க அந்த சேலைப் பிரிவில் நிற்கவைக்க ஆசைப்படுகிறேன்.

கண்ணு, உட்காருவது உங்கள் முதலாளி தரும் சலுகை இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் பல வருஷம் தெருவில் இறங்கிக் கேட்டு வாங்கியது. நீங்கள் எழுதியிருக்கும் 12 மணி நேரத்தையும் பார்த்தேன். அதே சட்டத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தாலும் பத்து என்றுதான் இருக்கிறது.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். தனியாகக் கேட்பவருக்குத்தான் 'ஆர்வம் இல்லை' என்று ரிப்போர்ட் வரும். உங்கள் ஃப்ளோரில் நான்கைந்து பேர் சேர்ந்து, ஃப்ளோர் மேனேஜரிடம் இல்லாமல் கடை மேனேஜரிடம், மதிய நேரத்துக்குக் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போடச் சொல்லிக் கேளுங்கள். நடக்காவிட்டால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்கு எழுதலாம். கடை பெயரும் எந்த ஃப்ளோர் என்பதும் போதும்.

இதைப் படிக்கும் கடைக்காரர் யாராவது இருந்தால்: அந்த கிளாஸ்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் எத்தனை ஸ்டூல் வரும் என்று பாருங்கள்.

எம்.பி.ஏ. படிக்கிறேன் ஆன்ட்டி. ஹாதார்ன் ஆய்வு பற்றி அசைன்மென்ட். 'தொழிலாளியைக் கவனித்தாலே உற்பத்தி கூடும்' என்று எழுதினால் போதுமா?
– மாணவி, கோவை

மார்க்குக்குப் போதும். உண்மைக்குப் போதாது.

ஹாதார்ன் என்பது சிகாகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் டெலிபோன் சாமான் ஆலை. 1924இல் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. 1927இல் ரிலே என்கிற டெலிபோன் ஸ்விட்ச் பாகத்தைக் கோக்கும் பெண்கள் சிலரைத் தனி அறையில் உட்காரவைத்து, ஓய்வு நேரம், சிற்றுண்டி, முன்கூட்டியே வீட்டுக்குப் போவது என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். உற்பத்தி ஏறியது. சலுகைகளை எடுத்த பிறகும் இறங்கவில்லை. அந்த ஆய்வில் பங்கெடுத்த பேராசிரியர் எல்டன் மேயோவின் பெயரோடு சேர்த்து இதைத்தான் புத்தகத்தில் போடுகிறார்கள்.

பல பாடப்புத்தகங்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று, அந்த அறையில் சம்பள முறையும் மாறியிருந்தது. பெரிய டிபார்ட்மென்ட்டின் மொத்த உற்பத்திக்குப் பதிலாக, அந்தச் சின்னக் குழுவின் உற்பத்தியை வைத்தே கூலி. தன் கையின் வேகம் தன் கவரில் தெரிய ஆரம்பித்தது. இன்னொன்று, 1928 தொடக்கத்தில் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை அந்த அறையிலிருந்தே எடுத்துவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள். உற்பத்தி ஏறியதில் புது ஆட்களுக்கும் பங்கு உண்டு. கவனிப்பு, கூலி, ஆள் மாற்றம் மூன்றும் ஒரே நேரத்தில் நடந்திருக்க, கவனிப்புக்கு மட்டும் மாலை போட்டால் எப்படி?

எனக்கு அந்த ஆலையில் பிடித்தது அடுத்து நடந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். முதலில் கேள்வித்தாளோடு போனார்கள். ஆட்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தங்கள் கதையைப் பேசினார்கள். அப்புறம் கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு வெறுமனே கேட்டார்கள். அசைன்மென்ட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். ஒன்பது பேர் டீம். வேலையில் ஈடுபாடு எவ்வளவு என்று கேட்கும் எங்கேஜ்மென்ட் சர்வேயில் எங்கள் ஸ்கோர் குறைந்துவிட்டது. மேனேஜர் 'ஆக்‌ஷன் பிளான்' கேட்கிறார். எச்.ஆர். சொன்னபடி ஃபன் ஃப்ரைடே வைத்தேன். பலூன் ஊதவும் நான்தான், உடைக்கவும் நான்தான். என்ன செய்ய?
– வி.என்., சென்னை

பலூன் ஊதியதற்கு என் அனுதாபம். என் அக்கா பையனும் சோழிங்கநல்லூரில்தான் இருக்கிறான். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அந்தாக்ஷரி, அதனால் விட்டுப்போன வேலை ராத்திரி வீட்டில். அவனுக்கு ஃபன் என்றாலே பயம்.

இந்த 'எங்கேஜ்மென்ட்' என்கிற பேச்சை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கான், 1990இல். அவர் போய் உட்கார்ந்தது இரண்டு இடத்தில்: பிள்ளைகளுக்கான கோடை முகாம் ஒன்று, கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்று. ஒரே ஆள் ஒரு நேரம் வேலையில் முழுசாக இறங்குகிறார், இன்னொரு நேரம் உடம்பை மட்டும் அனுப்பிவிட்டு உள்ளே ஒதுங்கிவிடுகிறார் என்று கண்டார். எது இதைத் தீர்மானிக்கிறது? இந்த வேலையால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, மனசில் பட்டதைச் சொன்னால் அடி விழுமா, இன்றைக்கு என் உடம்பிலும் மனசிலும் தெம்பு மிச்சம் இருக்கிறதா. இந்த மூன்றுதான். பலூன் இதில் எதிலும் இல்லை.

சர்வே கம்பெனிகளில் பெரியது கேலப். அவர்களின் 12 கேள்விகளில் முதல் இரண்டைப் பாருங்கள். என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியுமா? என் வேலையைச் சரியாகச் செய்யத் தேவையான சாமான் என்னிடம் இருக்கிறதா? இவ்வளவு சாதாரணமான கேள்விகள். அப்படியும் 2024இல் உலகம் முழுக்க வேலையில் ஈடுபாட்டோடு இருப்பவர்கள் 21 சதவீதம்தான் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் ஸ்கோருக்காக ரொம்பக் கவலைப்படாதீர்கள், கூட்டத்தோடுதான் இருக்கிறீர்கள்.

ஒன்பது பேர் டீமில் பெயர் சொல்லாத சர்வே என்பது ஒரு சம்பிரதாயம். யார் எழுதியது என்று வாக்கியத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் அதற்கு வெளியே செய்யுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, கேபினில் இல்லாமல் கீழே டீ குடிக்கும் இடத்தில், ஒரே கேள்வி கேளுங்கள்: போன வாரம் உங்கள் வேலையை எது நிறுத்தியது? டெஸ்ட் சர்வருக்கு அனுமதி வர நான்கு நாள், கிளையன்ட் ஒன்று சொல்ல மேனேஜர் வேறு சொல்வது, ராத்திரி 11 மணிக்கு கால். இப்படித்தான் வரும். அவற்றில் உங்கள் கைக்கு எட்டுவது ஒன்றிரண்டு இருக்கும். அதை இந்த மாதமே முடித்துவிட்டு, முடிந்தது என்று சொல்லுங்கள். எட்டாததை மேனேஜருக்கு எழுதுங்கள். அவர் கேட்ட ஆக்‌ஷன் பிளான் அதுதான், அதில் பாதி அவர் செய்ய வேண்டியதாக இருக்கும். அதைப் படித்துவிட்டு அவர் என்ன செய்கிறார் என்பதில் அவருடைய எங்கேஜ்மென்ட் தெரிந்துவிடும்.

கணபதியில் லேத் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். 12 பேர். போன தீபாவளிக்கு 20 சதவீதம் போனஸ் கொடுத்தேன். ஸ்வீட் பாக்ஸும் உண்டு. ஒருத்தர் முகத்திலும் மலர்ச்சி இல்லைங்க. 'சரிங்க' என்று வாங்கிக்கொண்டு போனார்கள். மனசு விட்டுப்போச்சு.
– எம்.ஆர்., கோவை

நீங்கள் தாராளமான ஆள், அதில் சந்தேகமில்லை. ஆனால் போனஸை அன்பளிப்பாக நீங்கள் நினைக்கிறீர்கள், வரவேண்டிய பாக்கியாக அவர்கள் நினைக்கிறார்கள். வரலாறு அவர்கள் பக்கம்.

முதல் உலகப்போர் சமயம் பம்பாய் மில்களில் லாபம் கொட்டியது. 1917இல் போர்க்கால போனஸ் என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். சில வருஷம் ஒரு மாதச் சம்பளம் வரை போனது. 1923க்கு இல்லை என்று கைவிரித்ததும் 1924 ஜனவரியில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தினார்கள். விசாரித்த கமிட்டி, போனஸ் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை ஏதும் இல்லை என்றது. அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட 40 வருஷம் ஆனது. 1965இல் சட்டம் வந்தது, குறைந்தது 4 சதவீதம். 1972இல் 8.33 ஆனது, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். எமர்ஜென்சியில் மறுபடி 4க்கு வெட்டினார்கள், 1977இல் திரும்ப வந்தது. புதிய ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் 8.33 அப்படியே இருக்கிறது. இவ்வளவு இழுபறியில் வந்த பணத்தை வாங்கும்போது யாரும் நெகிழ மாட்டார்கள். உங்கள் பேங்க் வட்டி போட்டால் நீங்கள் மேனேஜருக்கு நன்றிக் கடிதமா எழுதுகிறீர்கள்?

ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் எழுதியதை இங்கே சொல்லலாம். பிட்ஸ்பர்க் பக்கம் இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும் கூப்பிட்டு, வேலையில் ரொம்ப சந்தோஷமாக இருந்த நேரத்தையும் ரொம்பக் கசந்த நேரத்தையும் சொல்லச் சொன்னார். கசப்புக் கதையில் வந்தது சம்பளம், மேலதிகாரி, கம்பெனி விதிகள். சந்தோஷக் கதையில் வந்தது செய்து முடித்த வேலை, அதை ஒருவர் கவனித்தது, பொறுப்புக் கொடுத்தது. நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் கம்பெனியால் என்று சொல்வது மனித சுபாவம்தானே என்று அவரை மடக்கியவர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு இது பொருந்துகிறது. போனஸ் கொடுக்காவிட்டால் கசக்கும். கொடுத்தால் கசப்பு இல்லை, அவ்வளவுதான்.

மலர்ச்சி பார்க்க ஆசையாக இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் டர்னர் லேத்தில் கடையும் ஷாஃப்ட் எந்த பம்ப்பில் போகிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியுமா? அடுத்த முறை பார்ட்டியிடமிருந்து டிராயிங் வரும்போது, ரேட் சொல்வதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, இந்த டாலரன்ஸ், அதாவது அளவில் இவ்வளவு துல்லியம், நம் மிஷினில் வருமா என்று கேளுங்கள். அவர் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு வரும் நடையே வேறாக இருக்கும்.

எங்கள் மேலாளர் நேரில் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. வெளியில் போய் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாராம். என்ன மனிதர் இவர்?
– ஆர்.பி., திருச்சி

முக்கால்வாசித் தமிழ் அப்பாக்கள் இப்படித்தான். "சார், என்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னீர்களாமே, ரொம்ப நன்றி" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பதில் தெரியாமல் டீ வாங்கிக்கொடுப்பார்.

தொழிலாளர் யோசனைப் பெட்டி வைத்தோம். திறந்து பார்த்தால் சாக்லேட் காகிதமும், எச்.ஆர். மேனேஜரைத் திட்டி ஒரு சீட்டும்தான். நம் ஆட்களுக்கு இதில் எல்லாம் அக்கறை இல்லையோ?
– எச்.ஆர். அலுவலர், ஓசூர்

திட்டி எழுதியவர் அக்கறை உள்ளவர். அவரைக் கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள், என்ன திட்டியிருக்கிறார் என்று மட்டும் படியுங்கள்.

500 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னதால்தான் எனக்கு வேலையே கிடைத்தது. மில்லில் எனக்கு ஒரு ரூமும், கேட் பக்கம் ஒரு பச்சைப் பெட்டியும் கொடுத்தார்கள். பெட்டியில் உங்களுக்கு வந்த மாதிரிதான் வந்தது. நான் காலையில் நைட் ஷிப்ட் விடும் நேரத்துக்குக் கேட்டில் போய் நிற்பேன். தலையில் பஞ்சும் கண்ணில் தூக்கமுமாக வருவார்கள். யோசனை ஏதாவது உண்டா என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் நூற்பு மிஷின் பார்க்கும் ஒரு சைடர் மட்டும் நின்று, "யோசனை எல்லாம் நீங்க பண்ணுங்கம்மா, மொதல்ல ராத்திரி டீயைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். ராத்திரி இரண்டரை மணிக்குக் கொடுக்கும் டீயைப் பத்து மணிக்கே கேன்டீனில் போட்டு வைத்துவிடுகிறார்கள். போட்டவர் தூங்கப் போய்விடுவார். கேன் மட்டும் டிபார்ட்மென்ட்டுக்கு வரும். ஆறி, ஏடு படிந்து, கசந்துபோன டீ. பஞ்சு பறக்கிற இடத்தில் அடுப்பு வைக்க முடியாது. கேன்டீன்காரரின் நேரத்தை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அதற்கு மேலே ஃபைல் போய்த் திரும்பி வர மாதக்கணக்கானது. 'டீக்கு ஒரு ஆள் ஓவர்டைமா' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வேறு வந்தது. கடைசியில் ஒரு வழியாக இரண்டு மணிக்குப் புதிதாகப் போட்டுச் சூடாகக் கொண்டுபோக ஏற்பாடானது.

அதனால் உற்பத்தி ஏறியதா என்று ஜி.எம். கேட்டார். ஏறவில்லை. நானும் ஏறவில்லை என்றே சொன்னேன். ஆனால் பச்சைப் பெட்டியில் வேறு மாதிரிச் சீட்டுகள் வர ஆரம்பித்தன. நூல் நூற்கும் ரிங் பிரேம் வரிசையில் ஒரு மூலையில் மட்டும் நூல் அதிகமாக அறுகிறது, அங்கே காற்று வறண்டு கிடக்கிறது என்று ஒரு சீட்டு. ஈரப்பதக் காற்று வரும் குழாயைத் திறந்து பார்த்தால் பஞ்சு அடைத்து, பாய் மாதிரிக் கனமாகப் படிந்திருந்தது. அந்த மூலையில் நின்றவர்களுக்கு அது ரொம்ப நாளாகத் தெரியும். டீயைப் பற்றிச் சொன்னதையே கேட்காதவர்களிடம் காற்றைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறார்கள்.

நீங்கள் ஓசூர், கார் உதிரிபாகம் செய்யும் ஆலையாக இருக்கலாம். டொயோட்டாவில் 1951இல் யோசனைத் திட்டம் தொடங்கினார்கள். அதைக்கூட அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்த்துவிட்டு வந்துதான் தொடங்கினார்கள். டொயோட்டா லைனில் குறை தெரிந்தால் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்த எந்தத் தொழிலாளிக்கும் அதிகாரம் உண்டு. நம் ஊர் ஆலைகள் பலவற்றிலும் அந்தக் கயிறும், இழுத்தால் எரியும் விளக்கும் வந்துவிட்டன. கயிறு தொங்குகிறது, இழுத்தவனிடம் சூபர்வைசர் "எதுக்குடா இழுத்தே" என்று கேட்கிறார். அப்புறம் யார் இழுப்பார்?

பெட்டியை வாரத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னாலும் திறங்கள். வந்த ஒவ்வொரு சீட்டுக்கும், முடியும், முடியாது, ஏன் முடியாது என்று கேன்டீன் சுவரில் எழுதி ஒட்டுங்கள். முடியாது என்பதையும் ஒட்ட வேண்டும். எச்.ஆர். மேனேஜரைத் திட்டியதற்கும் பதில் ஒட்டினால் அடுத்த வாரம் பெட்டி நிறையும்.

டெலிவரி வேர்ஹவுஸில் வேலை. மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் இரண்டு நாள் உற்சாகம், மூன்றாம் நாள் பழையபடி எழுந்திருக்கவே மனசில்லை. எந்த வீடியோ பார்க்கலாம்?
– டி.ஜே., திருவள்ளூர்

தம்பி, எத்தனை மணிக்கு வீடியோ பார்க்கிறீர்கள், எத்தனை மணிக்கு ஷிப்ட்? இரண்டையும் எழுதவில்லை. வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறதா, வேர்ஹவுஸிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம், வார லீவு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பேசலாம். அதுவரை வீடியோ பார்க்கும் நேரத்தில் தூங்குங்கள்.